நெருப்புக்குள் ஓடியவர்

டிசம்பர் பிறந்தாலே எனக்கு ஜெனீவா ஏரி ஞாபகம் வந்துவிடும். நேரில் பார்த்திராத ஏரி அது. திருச்சியில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, பெரியப்பா மகன் மெட்ராஸ் பர்மா பஜாரில் வாங்கி வந்த ஒரு கேசட் வழியாகத்தான் எனக்கு அறிமுகமானது. அட்டையில் 'டீப் பர்ப்பிள்' என்று ஒரு ராக் குழுவின் பெயர் பேனாவால் எழுதியிருந்தது. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' (தண்ணீர்மேல் புகை) என்ற பாட்டு வந்ததும் அண்ணன் சத்தத்தைக் கூட்டுவான். முதலில் கிட்டார் தனியாக வரும். பிறகு ஆர்கன், டிரம்ஸ், பேஸ் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். கடைசியில்தான் குரல். "இது கட்டின கதை இல்லடா, அப்படியே நடந்தது" என்பான்.

நடந்தது 1971 டிசம்பர் 4-ஆம் தேதி. சுவிட்சர்லாந்தில், அந்த ஏரிக்கரை ஊரான மோன்த்ரோவில். குளிர்காலத்துக்காக மூடப்போகும் கேசினோவில், மூடுவதற்கு முன் கடைசிக் கச்சேரி. பிராங்க் ஸாப்பாவின் குழு வாசித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் ஃப்ளேர் துப்பாக்கியைக் கூரை நோக்கிச் சுட, பிரம்பு வேய்ந்த கூரை பற்றிக்கொண்டது. கட்டடமே எரிந்துபோனது. உயிர்ச்சேதம் இல்லை.

அதற்கு ஒரு காரணம் குளோட் நோப்ஸ். 1967-இல் மோன்த்ரோ ஜாஸ் விழாவைத் தொடங்கியவர். கச்சேரி ஏற்பாடு செய்கிறவர் முதலில் வெளியேறியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ எரிகிற கட்டடத்துக்குள் திரும்பத் திரும்ப ஓடி, உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளைகளை இழுத்து வந்தார்.

அந்தக் கேசினோவில் மறுநாளிலிருந்து ஆல்பம் பதிவு செய்யத்தான் டீப் பர்ப்பிள் ஊருக்கு வந்திருந்தது. இடம் சாம்பலாகிவிட்டது. ஏரியின் மேல் படர்ந்த புகையை ஹோட்டல் ஜன்னல் வழியே பார்த்தார்கள். சில நாள் கழித்து, பேஸ் வாசிப்பவரான ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது வாயில் வந்த சொற்கள்தான் பாட்டின் தலைப்பு.

எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் சர்ச் கொயரில் வாசித்துவந்த ஒரு அண்ணன். முதல் பாடமே இந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டார் துணுக்கு, அதாவது ரிஃப்தான். நான்கே சுரம். ஷட்ஜம், சாதாரண காந்தாரம், கூடவே இரண்டு மத்யமமும். எங்கள் தெருவில் பாட்டு கற்றிருந்த அத்தை அதைக் கேட்டதும், "ரெண்டு மத்யமத்தையும் அடுத்தடுத்து வச்சிருக்கானே!" என்று வியந்தார். குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் ஒவ்வொரு சுரத்தோடும் நான்காம் இடைவெளியில் இன்னொன்றைச் சேர்த்து, பிக் இல்லாமல் விரலாலேயே இரண்டு தந்தியையும் சேர்த்து இழுப்பார். அந்த அழுத்தம் பிக்கில் வராது. ஜான் லார்டின் ஆர்கன் அதே சுரங்களைக் கிட்டார் ஆம்ப் வழியாகக் கரகரப்போடு வாசிக்கும். எளிதாகக் கற்கலாம். அந்த மாதிரி ஒலிக்க வைக்க வருஷங்கள் ஆகும்.

கேசினோ போனதும் அவர்கள் முதலில் பதிவு செய்த இடம் பவிலியன் என்ற அரங்கம். இந்த ரிஃப் அங்கே இரவில் பதிவானதுதான். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்துவிட்டது. வாசிப்பு முடியும்வரை உதவியாளர்கள் கதவை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள்! பிறகு, குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலுக்கு மாறினார்கள். எதிரொலி அடங்க நடைவழியில் மெத்தைகளை நிறுத்திவைத்து வாசித்தார்கள். பதிவுக் கருவிகள் ரோலிங் ஸ்டோன்ஸின் லாரியில் இருந்தன. வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமானால் அறைகளையும் பால்கனிகளையும் தாண்டி அந்த லாரிக்குப் போக வேண்டும். அலுத்துப்போய், பல நேரம் கேட்காமலே அடுத்த பாட்டுக்குப் போனார்களாம்.

1972 மார்ச்சில் அந்த ஆல்பம் 'மெஷின் ஹெட்' என்ற பெயரில் வெளிவந்தபோது சிங்கிளாக அவர்கள் தேர்ந்தெடுத்தது வேறொரு பாட்டை. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' அமெரிக்காவில் சிங்கிளாக வந்தது 1973-இல்தான். பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது.

ஆனால் இந்தப் பாட்டின் பெருமையாக நான் நினைப்பது பட்டியலை அல்ல. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவை நிலநடுக்கம் உலுக்கியது. இருபத்தைந்தாயிரம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். நிவாரணத்துக்கு நிதி திரட்ட ராக் கலைஞர்கள் கூடியபோது, 1989-இல் புதிதாகப் பதிவு செய்தது இந்தப் பாட்டைத்தான். டீப் பர்ப்பிளின் பாடகர் இயன் கில்லன் பாடினார்; பிளாக்மோரோடு பிரையன் மே, டேவிட் கில்மோர், டோனி ஐயோமி எல்லாரும் வாசித்தார்கள். நிலநடுக்கத்தில் தவித்த மனிதர்களுக்கு உதவும் வேலைக்கு, நெருப்பிலிருந்து பிள்ளைகளை மீட்ட ஒருவரைப் பாடும் பாட்டு போய்ச் சேர்ந்தது.

பாட்டின் இரண்டாம் சரணத்தில் குளோட் என்று பெயர் சொல்லியே பாடுகிறார்கள். கேசினோ 1975-இல் மறுபடி எழுந்தது. குளோட் 2013 ஜனவரியில் காலமானார். ஆனால் மேடையில் அந்தச் சரணம் வரும்போதெல்லாம் அவர் செய்த காரியம் சொல்லப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கில்லனும் குளோவரும் பெரிய தத்துவம் எதையும் எழுதவில்லை. என்ன எரிந்தது, யார் ஓடினார், தாங்கள் எங்கே ஒதுங்கினோம் என்று கண்டதைக் கண்டபடி எழுதினார்கள். நன்றியை இதைவிட நேராகச் சொல்லிவிட முடியாது.

இன்றும் கிட்டார் கடைகளில் பிள்ளைகள் முதலில் வாசித்துப் பார்ப்பது இந்த நான்கு சுரத்தைத்தான். சொல்லிக்கொடுப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எந்த விரலை எங்கே வைப்பது என்று காட்டும்போதே, குளோட் நோப்ஸ் யார் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.