ஏட்டின் ஓரத்தில் எழுதிய பெயர்

கும்பகோணம்,
தை மாதம்.

சிரஞ்சீவி மீனாட்சிக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதம்.

சென்ற முறை நீ எடுத்துச் சென்ற உன் கொள்ளுத்தாத்தாவின் திருக்குறளைப் பைண்டு செய்யக் கொடுக்கப் போவதாகவும், முன்னும் பின்னும் கிறுக்கல் நிறைந்த தாள்களை நீக்கி வெள்ளைத் தாள் வைத்துவிடலாமென்று பைண்டர் யோசனை சொன்னதாகவும், நூல் முழுவதும் கைப்பேசியிலேயே கிடைக்கும் இக்காலத்தில் அவை போனால்தான் என்ன என்று உனக்கும் தோன்றியதாகவும் எழுதியிருந்தாய். அம்மா, அவற்றை நீக்க வேண்டாம். குறள் எங்கும் கிடைக்கும். அந்தத் தாள்கள் வேறெங்கும் கிடைக்கமாட்டா. நூலின் ஓரத்தில் மனிதர் தம் பெயரைப் பொறித்துவைக்கும் அவ்வழக்கத்துக்கு நம் நாட்டில் நெடிய சரித்திரம் உண்டு.

ஓலையில் எழுதியவன் பட்ட பிரயாசையை முதலில் எண்ணிப் பார். பனையோலையைப் பதப்படுத்தி, ஓரம் நறுக்கி, எழுத்தாணியால் கீறி, கீறல் கண்ணுக்குத் தெரியும்படி விளக்குக் கரியோ இலைச்சாறோ தடவுவான். ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. ரகரத்துக்கும் காலுக்கும் வடிவம் ஒன்றே. படிப்பவன் பொருளறிந்துதான் பிரித்துப் படிக்கவேண்டும். இத்தனை சிரமத்தோடு பிரதி செய்து முடித்தவன், கடைசி ஏட்டில் வருஷமும் மாதமும் நட்சத்திரமும் குறித்து, இன்னார் ஏட்டைப் பார்த்து இன்னான் எழுதியது என்று தன் பெயரையும் இட்டு, ‘குருவே துணை’ என்று முடிப்பதுண்டு. பிழையிருப்பின் பொறுத்தருளும்படி வேண்டிக்கொள்வதும் உண்டு. பல நூல்களின் காலத்தையும் இடத்தையும் ஆராய்ச்சியாளர் அனுமானிக்க உதவியவை அந்தக் கடைசி வரிகளே.

அச்சு வந்த பின்னும் இவ்வழக்கம் அழியவில்லை. இதற்குச் சாட்சி நீ வசிக்கும் பாஸ்டனுக்கு அருகிலேயே இருக்கிறது. ஆண்டிரிக் பாதிரியார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, தமிழெழுத்தில் அச்சான நூல்களில் நமக்குக் கிடைத்துள்ள முதலாவது. 16 பக்கமே கொண்ட அச்சிறு நூலின் பிரதி ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன் கடைசிப் பக்கத்தில், 1577-இல் கோவாவில் வார்த்த எழுத்துக்களையும் 1578-இல் கொல்லத்தில் வார்த்த எழுத்துக்களையும் தனித்தனியே அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். எழுத்தை வார்த்தவர்களின் உழைப்பு இன்ன ஊரில், இன்ன ஆண்டில் நடந்ததென்று பிற்காலத்தாருக்குத் தெரியவேண்டுமென்ற அக்கறை அதில் விளங்குகிறது.

பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் அமைத்தார். 1835-இல் அச்சகத்துக்கு இருந்த கட்டுப்பாடுகள் நீங்கவே, நம்மவரும் தாராளமாக அச்சுக்கூடங்கள் வைக்கலாயினர். அக்காலத்துப் புஸ்தகத்தின் முகப்பை நீ பார்த்திருக்கமாட்டாய். நூலின் பெயருக்குக் கீழே, இன்னார் கேட்டுக்கொண்டபடி, இன்னாரால் பரிசோதிக்கப்பட்டு, இன்ன அச்சுக்கூடத்தில், இன்ன வருஷம் இன்ன மாதம் பதிப்பிக்கப்பட்டது என்று பக்கம் முழுவதும் ஒரே வாக்கியமாக ஓடும். ஏட்டின் கடைசியில் இருந்த குறிப்பே புஸ்தகத்தின் முதற்பக்கத்துக்கு இடம் மாறியதென்று சொல்லலாம்.

நம் ஊர்க் கல்லூரியில் ஆசிரியராயிருந்த மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்டபோது, ஏடு உதவியவர்களின் பெயர்களை முகவுரையில் நன்றியோடு குறித்தார்கள். தொட்டால் ஒடிந்துபோகும் ஏடுகளைக் கண்டு சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் தம் பதிப்புரையில் உள்ளம் உருகி எழுதிய காலம் அது. ஒரு வீட்டுப் பரண்மேல் ஏட்டுக்கட்டொன்றை அழியாமல் காத்துவந்த ஒருவர், தாம் ஒரு பாட்டும் இயற்றாதவராயினும், அம்முகவுரையால் தமிழிலக்கிய சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டார்.

இனி, உன் கையிலுள்ள புஸ்தகத்தைத் திறந்து பார். முதல் தாளில், ‘பிரபவ வருஷம் தை மாதம் வாங்கியது’ என்று கறுப்பு மையில் என் பாட்டனார் எழுதியிருக்கிறார். ஆங்கிலக் கணக்கில் அது 1928-ஆம் ஆண்டின் தொடக்கம். அதற்குக் கீழே, இரவல் கொண்டு போகிறவர் பத்திரமாகத் திருப்பித் தரவேண்டுமென்ற வேண்டுகோள். பின் தாளில் பாட்டியின் எழுத்து. பள்ளிக்கூடம் சென்றறியாத அவள் கணவரிடம் கற்றுக்கொண்டு, பிள்ளைகள் பிறந்த நாளும் நட்சத்திரமும், கொல்லைக் கிணற்றில் முதலில் நீர் கண்ட தேதியும் பென்சிலால் வரிசையாகக் குறித்துவைத்திருக்கிறாள். அவளைப் படம் பிடித்தவர் எவருமில்லை. அவள் கைப்பட எழுதியதாக இவ்வுலகில் எஞ்சியிருப்பது அந்தத் தாள் ஒன்றே. அதையா, மகளே, கிறுக்கலென்று கழிப்பது?

அச்சான பக்கத்தையும் சற்றுத் தடவிப் பார். மறுபுறத்தில் ஈய எழுத்து அழுந்திய மேடு விரலுக்குத் தட்டுப்படும். ‘லை’, ‘னை’ முதலிய எழுத்துக்கள் யானைத் துதிக்கைபோல் முன்னே வளைந்த பழைய வடிவில் இருக்கும். 1978-இல் அரசாங்கம் சீர்திருத்த எழுத்தை ஏற்றுக்கொண்ட பிறகு அவ்வடிவங்கள் அச்சிலிருந்து மறைந்தன. உன் குழந்தைக்கு அவற்றைக் காட்டிப் படிக்கச் சொல்லிக்கொடு.

பழைய தாள்களை அப்படியே வைத்துத் தைக்கும்படி பைண்டரிடம் கண்டிப்பாகச் சொல். கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டவிடாதே. அதன் பசை நாளடைவில் பழுத்துக் கறையாகிவிடும். பிறகு பாட்டியின் வரிகளுக்குக் கீழே, தமிழிலேயே, பென்சிலால், உன் பெயரையும் ஊரையும் வருஷத்தையும், குழந்தை பிறந்த நாளையும் எழுது. கையெழுத்து அழகாயில்லையென்று கூசாதே. ஏடெழுதியவர் எல்லாரும் அழகாக எழுதியவரல்லர். தமக்குக் கிடைத்ததை அடுத்தவர் கையில் ஒப்படைக்கும்போது தம் பெயரால் பொறுப்பேற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அந்த வரிசையில் அடுத்த பெயர் உன்னுடையது.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும்
பெரியப்பா.