நூலும் உடம்பும்

பொருள்களை உள்ளவாறு அறிதற்குக் கருவியாவது அளவை. அது காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடங்கும் என்பது சித்தாந்த நூல் பயின்றார் யாவரும் அறிந்ததே. இவ்வளவைகள் தருக்கம் கற்பார்க்கே வேண்டுவன என்று கருதுவாரும் உளர். மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவனோ, இவற்றின் பெயரையும் கேளாதவனாயினும், இம்மூன்றினாலுமே நாடோறும் சோதிக்கப்படுகின்றான். அவ்வாறு சோதிக்கப்பட்ட ஒருவனது கல்வி ஈண்டு உரைக்கப்படுகின்றது.

அவன் காவிரிக்கரைச் சிற்றூரொன்றிற் பிறந்து, பாட்டியால் வளர்க்கப்பட்டவன். அண்மையிலுள்ள நகரத்துக் கல்லூரிக்கு நாடோறும் பேருந்தில் சென்று மீள்வான். ஒருமுறை படித்ததை மறவாத நினைவு அவனுக்கு வாய்த்திருந்தது. வளர்ந்த மனிதனுடம்பில் எலும்புகள் 206. மூளையினின்று புறப்படும் நரம்புகள் 12 இணை. மணிக்கட்டில் மட்டும் சிற்றெலும்புகள் 8. இவற்றின் பெயர்களையும், ஒவ்வோர் எலும்பிலும் எத்தசை எங்கே பற்றுகின்றது என்பதையும், முதலெழுத்துக்களைக் கோத்து வாய்பாடாக்கி, நள்ளிரவு கடந்தும் உருவேற்றினான். உடற்கூற்று நூல் முழுவதும் தன் நாவில் நிற்பதாக எண்ணி மகிழ்ந்தான்.

முதல் வாய்மொழித் தேர்வு வந்தது. பேராசிரியர் மேசைமேற் கிடந்த மேற்கையெலும்பை எடுத்து அவன் கையிற் கொடுத்தார். மாணவன் அதிற் பற்றும் தசைகளை ஒன்றுவிடாது அடுக்கினான். அவர் இடைமறியாது கேட்டிருந்து, "நன்று, இது வலக்கை எலும்போ, இடக்கை எலும்போ?" என வினவினார். அவன் அதனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான், நா எழவில்லை. உருண்ட தலை உள்நோக்கி நிற்கவேண்டும், முழங்கையருகிலுள்ள பெருங்குழி பின்புறத்தே அமையவேண்டும் என்பன அவன் படித்தனவே. எனினும், அவ்வெலும்பைத் தன் தோளோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. "உன்னிடமும் இத்தகைய எலும்பு இரண்டு இருக்கின்றனவே, அப்பா" என்று பேராசிரியர் மெல்லக் கூறினார். அத்தேர்வில் அவன் தேறவில்லை. பள்ளியில் ஒருநாளும் தோல்வியறியாத அவன், அன்றிரவு உண்ணாது படுத்தான்.

ஏட்டையே நம்பி உடம்பை நோக்காமை அம்மாணவன் ஒருவனுக்கே உரிய குற்றமன்று. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவர் குரங்கு முதலிய விலங்குகளை அறுத்துக் கண்டவற்றை மனிதர்க்கும் ஏற்றி உரைத்தார். மனிதனது கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆயது என்றது அவற்றுள் ஒன்று. அவருரையை மேலைநாட்டார் 1,300 ஆண்டுகள் போற்றி வந்தனர். பாதுவை நகரில் ஆசிரியராயிருந்த வெசாலியசு, தம் கையாலேயே மனிதவுடல்களை அறுத்து ஆராய்ந்து, அத்தாடை ஒரே எலும்பு எனக் கண்டு, 1543-இல் வெளியிட்ட தம் பெருநூலில் நிறுவினார். எவர்க்கும் உள்ள தாடையை எவரும் நோக்காதிருந்த காலம் அத்துணை நெடிது.

நம் நாட்டுச் சுசுருத சங்கிதையோ இவ்வுண்மையை முன்னரே வற்புறுத்தியது. இறந்த உடலைப் புல்லாலும் நாராலும் சுற்றிக் கூட்டிலிட்டு, விரைந்தோடாத ஆற்றில் மறைவான இடத்து வைத்து, ஏழிரவு கழிந்தபின் எடுத்து, வேர் மயிர் மூங்கில் முதலியவற்றாலாய தூரிகையால் தோல் முதலாகத் தேய்த்து, ஒவ்வோர் அடுக்கையும் கண்ணாற் காண்க என்பது அதன் விதி. கண்ணாற் கண்டதும் நூலிற் கற்றதும் கூடியவிடத்தே அறிவு பெருகும் என்பதும் அதன் துணிபு. அந்நூல் எலும்புகளை 300 என எண்ணுகின்றது. இக்கால எண்ணிக்கை 206. பற்களையும் குருத்தெலும்புகளையும் சேர்த்து எண்ணியது அவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணம். எண் மாறினும் அதன் விதி மாறவில்லை.

தோல்விக்குப்பின் மாணவன் உடற்கூற்றுக் கூடத்தில் நெடும்பொழுது நிற்கலானான். அவனும் தோழர் எழுவரும் கற்பதற்கு அளிக்கப்பட்டது முதியவர் ஒருவரின் உடல். தாமே எழுதிவைத்துக் கொடுத்த உடல் என்பதன்றி அவரைப்பற்றி வேறொன்றும் மாணவர்க்குச் சொல்லப்படவில்லை. பார்மலின் நெடி கண்ணைக் கரிக்க, அவன் இடக்கையின் தமனியைத் தொடர்ந்து சென்றான். அது முழங்கை மடிப்பை அடைந்தபின்னரே இரண்டாகப் பிரியும் என்பது நூல். இவ்வுடலிலோ அக்குளையடுத்தே பிரிந்து, ஒரு கிளை தோலின்கீழ் மேலாகவே ஓடி முழங்கையைக் கடந்தது. தன் கத்திதான் பிழைசெய்தது என்று நடுங்கி அவன் பேராசிரியரை அழைத்தான்.

அவர் குனிந்து நோக்கி முகமலர்ந்தார். "பிழை உன்னதன்று. நூல் பெரும்பாலாரைச் சொல்கின்றது. இவர் தம்மைச் சொல்கின்றார். இத்தகைய கையில், முழங்கை மடிப்பிலுள்ள தமனியைச் சிரையென்று மயங்கி ஊசிமருந்து செலுத்தினால், விரல்கள் அழுகி விழவும் கூடும். உன் நோயாளி ஒருவரது கையை இவர் இன்று காத்தார் என்று நினை" என்றார்.

வீட்டில் பாட்டி நாள்தவறாமற் பூசை செய்பவள். பிணத்தைத் தொட்டுவந்த பேரன் கொல்லைக் கிணற்றடியில் தலைமுழுகிய பின்னரே அடுக்களைக்குள் வரவேண்டும் என்பது அவள் கட்டளை. அவனும் மறுத்ததில்லை. அன்று நடந்ததை அவன் கூறக் கேட்டு, அவள் சிறிதுபொழுது வாளாவிருந்தாள். பின்னர், "அவர் பெயர் என்ன?" என்றாள்.

"தெரியாது, பாட்டி."

"அவருக்குத் திதி கொடுப்பார் உண்டோ?"

"அதுவும் தெரியாது."

"அந்தக் கையால் என்ன தொழில் செய்தாரோ?"

அதற்கும் அவன் விடையறியான். ஆயினும், அவ்வுள்ளங்கையின் காய்ப்பை அவன் கண்டிருந்தான். அஃது ஒரு மனிதன் உழைத்த தழும்பு என்று அதுகாறும் எண்ணியதில்லை. பாட்டி எழுந்து, "நாளை முதல், தொடுமுன் அவரைக் கும்பிட்டுத் தொடு. குளித்துத்தான் ஆகவேண்டும்; அது நாற்றம் போதற்கு. தீட்டென்று இனி நான் சொல்லமாட்டேன். கற்பித்தவரிடம் தீட்டேது?" என்றாள்.

அதன்பின் அவனது படிப்பு வேறாயிற்று. மேற்கையெலும்பின் பின்புறத்தே சுற்றியோடும் நரம்பொன்று உண்டு. அவ்வெலும்பு நடுவில் முறியுங்கால் அந்நரம்பும் ஊறுபடின், மணிக்கட்டை மேலே நிமிர்த்த இயலாது கை தொங்கும். முன்னர் அவன் இதனை ஒரு வரியாக மனப்பாடம் செய்திருந்தான். இப்பொழுதோ அந்நரம்பைத் தன் விரலால் தொட்டறிந்தமையின், தொங்குங் கையை எங்கே காணினும் உள்ளே ஊறுபட்டது யாதென உய்த்துணர வல்லனாயினான். புகை கண்டு தீயுண்மை துணிதல் போல்வது இது. புகையும் தீயும் உடனிருத்தலை முன்னே கண்டவனுக்கன்றோ கருதலளவை செல்லும்? கண்டறியாதவனிடம் அஃது ஊகமாய் ஒழியும்.

ஆண்டிறுதித் தேர்வு வந்தது. கொடியூசி குத்திய உறுப்புக்கள் மேசைதோறும் வைக்கப்பட்டிருந்தன. மணியொலிக்குந்தோறும் ஒன்றைவிட்டு மற்றொன்றிற்கு நகர்ந்து விடையெழுதினான். ஈற்றில், புறத்தேயிருந்து வந்த தேர்வாளர், உயிருள்ள ஒருவரை அமர்த்தி, அவரது மேற்கைத் தமனி செல்லும் வழியைத் தோலின்மேல் வரைந்து காட்டுமாறு பணித்தார். மாணவன் எழுதுகோலை எடுத்திலன். கைகளைக் கூப்பி, அவரது இசைவு பெற்று, இருவிரலால் துடிப்பைத் தேடித் தடவிச் சென்றான்.

"அளவு தெரியாதோ? வரைவதற்கு என்ன தயக்கம்?" என்றார் தேர்வாளர்.

"அளவு தெரியும், ஐயா. நூல் சொன்னவிடத்தே இவர்க்கும் இருக்கின்றதா என்று முதலில் இவரைக் கேட்கின்றேன்."

தேர்வாளர் மேலும் ஒன்றும் வினவாது மதிப்பெண் இட்டார். மாணவன் தேறினான், மிகவுயர்ந்த எண் பெற்றானல்லன், தேறினான்.

விடுமுறைக்குமுன் அவன் உடற்கூற்றுக் கூடத்திற்குச் சென்றான். முதியவர் கிடந்த மேசை கழுவித் துடைக்கப்பட்டு வெறிதாயிருந்தது. அவன் அதனெதிரே கைகூப்பி நின்று மீண்டான். பெயரறியாத அவர்க்கு எந்நாளில் திதி கொடுப்பது என்பது பாட்டிக்கு விளங்கவில்லை. தை அமாவாசையன்று தன் முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்கும்பொழுது, அவர்க்கும் ஒரு கை சேர்த்து இறைக்குமாறு பேரனைப் பணித்தாள். அவனும் அவ்வாறே செய்தான்.