நான்காவது பாயின்ட்

2020 ஊரடங்கில் கணவருக்கு ஓர் அறை, மகனுக்கு ஓர் அறை. நான் சமையலறை மேடையில் போனைச் சாய்த்துவைத்துச் சங்க இலக்கியம் நடத்தினேன். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் மைக்கை அணைத்தேன்.

இப்போது வீட்டைப் புதுப்பிக்கிறோம். நெட்வொர்க் கேபிளுக்கு, பூச்சு வேலைக்கு முன்பே சுவரை வெட்டிக் குழாய் பதிக்க வேண்டும். மின்கம்பி போகும் குழாயிலேயே அதை விடக் கூடாது; தனிப்பாதை வேண்டும்.

“சார் ரூம், தம்பி ரூம், ஹால். மூணு பாயின்ட் போதும்ல மேடம்?” என்றார் எலக்ட்ரீஷியன்.

“நாலு” என்றேன். பழைய சாமான் போட்டிருந்த அறையைக் காட்டினேன்.

“அங்க யாரு இருக்கப் போறாங்க?”

“நான்தான். கதவைச் சாத்திக்கிட்டு வேலை பார்க்கணும்.”

கணவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடம் நான் கேட்டதில்லை, அவருக்கும் தோன்றியதில்லை. பூசிய பிறகு கேட்டால் சுவரை உடைக்க வேண்டும். செங்கல் தெரியும்போதே கேட்டுவிட்டேன்.