முக்காலியில் இடிக்கும் கம்பி

வேனிலிருந்து முதலில் இறங்கியது டெலஸ்கோப் இல்லை, ஓர் இரும்புக் குழாய். முக்கால் அடி உயரம். இரு முனையிலும் கனத்த தகடு வைத்துப் பற்றவைத்து, லேத்தில் ஏற்றி முகம் சீவி, மூன்று போல்ட் துளை போட்டிருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கியவர் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். "இது இல்லேன்னா மத்த சாமானெல்லாம் இங்க வெறும் பாரம் சார்" என்றார்.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறும் சாலையில் காவலூரைத் தாண்டி, சாமை அறுத்து முடித்த ஒரு கொல்லை. மாசி அமாவாசை. பட்டறைக்காரரோடு வந்தவர்கள் இருவர். ஒருவர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். இன்னொருவர் சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் இளம்பெண். பட்டறைக்காரர் இருவருக்கும் அண்ணன். வேடிக்கை பார்க்க ஒட்டிக்கொண்டு போனவன் நான்.

கொல்லைக்காரப் பெரியவர் முக்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "நிலம் அளக்க வந்திருக்கீங்களா?" குரலில் கொஞ்சம் கலக்கம் தெரிந்தது.

"இல்லீங்க ஐயா, நட்சத்திரத்தைப் படம் எடுக்க வந்திருக்கோம்" என்றார் ஆசிரியர்.

"அதுக்குத்தான் காவலூர்ல பெருசா கட்டி வெச்சிருக்காங்களே?"

நியாயமான கேள்விதான். 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1960களில் வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம் அட்சரேகை. பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியில் நின்றால் வடக்கு வானம் முழுக்கக் கிடைக்கும், தெற்கு வானத்திலும் பெரும்பகுதி கிடைக்கும். ஐரோப்பியருக்கு அடிவானத்துக்குக் கீழேயே கிடக்கும் நட்சத்திரக் கூட்டங்கள் நமக்கு வீட்டுக் கூரைக்கு மேலே வந்து நிற்கும்.

அதே பன்னிரண்டரை டிகிரிதான் இவர்களுக்குப் பெரிய தலைவலியும்.

ஆழ்வானப் படம் என்பது நிலாவையோ வியாழனையோ பிடிப்பது போன்றதல்ல. நெபுலாக்களும் விண்மீன் மண்டலங்களும் அவ்வளவு மங்கல். கேமராவின் கண்ணை நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். பூமியோ ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுழல்கிறது. கேமரா சும்மா நின்றால் நட்சத்திரம் புள்ளியாக விழாது, கோடாக இழுபடும். ஆகவே டெலஸ்கோப்பைச் சுமக்கும் மவுண்ட், பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் எதிர்த்திசையில் சுழல வேண்டும். அந்த அச்சைத் துருவத்தைப் பார்த்துச் சாய்த்து வைக்க வேண்டும். சாய்வின் கோணம் ஊரின் அட்சரேகை. லண்டனில் 51 டிகிரி, இங்கே பன்னிரண்டரை.

இந்த மவுண்ட்களில் பலவும் 30, 40 டிகிரி நாடுகளை மனத்தில் வைத்து வடித்தவை. பன்னிரண்டரைக்கு இறக்கினால் தலை ஏறக்குறைய படுத்துவிடும். பாரம் முழுக்க வடக்கே சாயும். டெலஸ்கோப்புக்குச் சமமாக மறுபக்கம் எடைகளைக் கோத்த கம்பி ஒன்று தொங்கும். அது சுற்றி வரும்போது முக்காலியின் வடக்குக் காலில் போய் இடிக்கும். மோட்டார் விடாமல் தள்ளும், பல்சக்கரம் முனகும். பட்டறைக்காரர் முதல் தடவை மவுண்ட் வாங்கி வந்து மொட்டை மாடியில் வைத்த ராத்திரி அந்தச் சத்தத்தைக் கேட்டாராம். "பல்லு போற சத்தம் எனக்குத் தெரியாதா சார், முப்பது வருஷமா அதுதானே பொழப்பு." மறுநாளே குழாய் வெட்டிவிட்டார். முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவில் இந்தத் தூணை வைத்தால் தலை உயர்ந்து, கம்பி காலைத் தொடாமல் சுற்றும். இதுவரை நண்பர்களுக்கு இதே மாதிரி ஆறு தூண் கடைந்து கொடுத்திருக்கிறார்.

இருட்டத் தொடங்கியது. நேர் தெற்கே அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று வந்துவிட்டது. வடக்கே துருவ நட்சத்திரத்தைக் காணோம். பன்னிரண்டரை டிகிரி உயரம் என்றால் கையை நீட்டி முஷ்டி பிடித்து, அதற்கு மேல் இரண்டு விரல் வைத்தால் வரும் அளவு. அந்த அளவுக்குள் ஒரு புளியமரமும் அதற்குப் பின்னால் மலைமுகடும் அடுத்த மலையில் எரிந்த காட்டுத்தீயின் புகையும் இருந்தன. சென்னை மாடியில் என்றால் அந்த இடத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்கும்.

இதற்கு வழி வைத்திருந்தவர் இளம்பெண். கேமரா ஒரு படம் எடுக்கும். லேப்டாப்பில் உள்ள மென்பொருள் அந்தப் படத்திலுள்ள புள்ளிகளை நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு, கேமரா வானத்தில் எந்த இடத்தைப் பார்க்கிறது என்று சொல்லிவிடும். மவுண்டைக் கொஞ்சம் சுழற்றி இன்னும் இரண்டு படம். மூன்றையும் வைத்து அச்சு துருவத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடும். துருவ நட்சத்திரத்தைப் பார்க்கவே வேண்டாம். அதுவே உண்மையான துருவத்திலிருந்து அரை டிகிரிக்கும் மேலே தள்ளித்தான் இருக்கிறது. அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, பட்டறைக்காரர் மண்டியிட்டுத் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பினார். "போதும்ணா… கொஞ்சம் பின்னாடி… அப்படியே விடுங்க." கடைசியில் திருகிலிருந்து கையை எடுத்ததும் எண் மறுபடி நகர்ந்தது. இருவரும் சிரித்தார்கள். இன்னொரு முறை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? அன்று மாட்டியிருந்தது 80 மில்லிமீட்டர் லென்ஸ், 480 மில்லிமீட்டர் குவியத்தூரம். கேமராவின் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான். இந்தக் கணக்கில் மவுண்ட் நின்றுபோனால் நட்சத்திரம் ஒரு விநாடிக்கு ஒன்பது பிக்சல் வரை ஓடிவிடும். இவர்கள் எடுக்கும் ஒவ்வொரு படமும் 180 விநாடி. அவ்வளவு நேரமும் அது ஒரு பிக்சல் அளவுக்குள் நிற்க வேண்டும். பல்சக்கரம் எவ்வளவு நன்றாகக் கடைந்திருந்தாலும் சின்ன ஆட்டம் இருக்கவே செய்யும். அதனால் பெரிய குழாயின் முதுகில் ஒரு குட்டிக் குழாயும் குட்டிக் கேமராவும். அது ஒரே நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு இரண்டு விநாடிக்கு ஒருமுறை மவுண்டுக்குத் திருத்தம் சொல்லும்.

புதிதாக வருகிறவர்கள் காசையெல்லாம் கேமராவில் போட்டுவிட்டு, மவுண்டை மிச்சக் காசுக்கு வாங்குவார்கள் என்றார் ஆசிரியர். அவரே செய்த தவறுதான். இப்போது அவரிடம் இருப்பது பழைய டி.எஸ்.எல்.ஆர். சாதாரணக் கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி, நெபுலாக்கள் சிவப்பாக ஒளிரும் 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சாப்பாட்டு மேசையில் கேமராவைப் பிரித்து அதைக் கழற்றியிருக்கிறார். எந்தத் திருகு எங்கே என்பதற்கு ஒரு தாளில் கேமராவை வரைந்து, அந்தந்த இடத்தில் திருகைச் செலோடேப்பால் ஒட்டி வைத்தாராம். எல்லாம் மாட்டிய பிறகு ஒரு திருகு மிஞ்சியது. கேமரா இன்றுவரை ஓடுகிறது.

இந்தக் கலையின் முன்னோடிகளும் இப்படி வேறு பிழைப்பு உள்ளவர்கள்தான். 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் திறந்துவைத்து முதன்முதலில் படம்பிடித்த ஹென்றி டிரேப்பர், அமெரிக்காவில் மருத்துவம் படித்தவர். மூன்றாண்டு கழித்து லண்டனை ஒட்டிய ஈலிங்கில், வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி வைத்து அதைவிடத் தெளிவாக எடுத்த ஆண்ட்ரூ காமன், சுகாதாரக் குழாய் வேலைப் பொறியாளர். 1888இல் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் சுருளைக் காட்டிய ஐசக் ராபர்ட்ஸ், லிவர்பூலில் கட்டட ஒப்பந்தக்காரர். பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நம்ம ஜாதிதான்" என்றார்.

பழங்கதையாகவும் விட்டுவிட முடியாது. ஆயிரக்கணக்கான முறை படமெடுக்கப்பட்ட அதே ஆண்ட்ரோமீடாவுக்குப் பக்கத்தில், ஆக்சிஜன் ஒளிரும் பெரிய வில் ஒன்று இருப்பதை 2023இல் அறிவித்ததும் டிரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், சைன்டி ஆகிய அமெச்சூர்கள் மூவர்தான். ஒரே இடத்தை 100 மணி நேரத்துக்கும் மேல் படமெடுத்து அதைப் பிடித்தார்கள்.

ஒன்பது மணிக்குக் கரீனா நெபுலா தெற்கு அடிவான மூட்டத்துக்கு மேலே எழுந்தது. அன்றைய இலக்கு அதுதான். சுமார் 7,500 ஒளியாண்டு தூரத்தில் இருந்தும் நான்கு முழுநிலா அகலம் விரிந்து கிடக்கிறது. டெல்லியில் அடிவானத்தைத் தொட்டுவிட்டு மறைந்துபோகும். இங்கே 18 டிகிரி வரை ஏறும். ஐந்தரை மணி நேரம் படமெடுக்கும் உயரத்தில் நிற்கும். குழாயில் மாட்டியிருந்த, குளிரூட்டி வைத்த கேமராவின் பின்னால் விசிறி சுழலத் தொடங்கியது. வெளியே 24 டிகிரி, சென்சாரில் மைனஸ் 10. ஏறக்குறைய ஆறு டிகிரி குளிரக் குளிர, வெப்பத்தால் சென்சாரில் கசியும் மின்னோட்டம் பாதியாகும், அதனால் வரும் இரைச்சலும் குறையும். நம் ஊர் வெக்கைக்கு இந்தக் குளிரூட்டி இல்லாமல் கோடையில் படமெடுப்பது வீண் உழைப்பு.

பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது நெபுலா நேர் தெற்கைக் கடந்தது. அந்த நேரத்தில் டெலஸ்கோப் மவுண்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குட்டிக்கரணம் போட வேண்டும். எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். குழாய் மெதுவாகத் திரும்பியது, கம்பி முக்காலியைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளியில் கடந்தது, தூண் தன் வேலையைச் செய்துவிட்டது. பிறகு "டக்" என்று ஒரு சத்தம். திருத்தம் சொல்லும் குட்டிக் கேமராவின் கேபிள் ஒரு கைப்பிடித் திருகில் மாட்டி, சொருகிய இடத்தோடு பிடுங்கிக்கொண்டுவிட்டது. லேப்டாப்பில் அந்தத் திருத்தங்களைக் காட்டும் வரைகோடு செத்த நாடியாகப் படுத்தது. சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் வேறு கேபிள் தேடி, மாற்றி, எல்லாவற்றையும் வெல்க்ரோ பட்டியால் கட்டி, மறுபடி குறிவைக்க இருபது நிமிடம். ஏழு படம் போச்சு. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. "கேபிளைக் கட்டுறதுக்குன்னே தனியா ஒரு டிப்ளமா வைக்கணும்ணா" என்றார் இளம்பெண்.

குளிர் ஏற ஏற இன்னொரு வேலை. ஒரு டிகிரி குறைந்தால் அந்த அலுமினியக் குழாய் 11 மைக்ரான் சுருங்கும். அன்று மாலையிலிருந்து எட்டு டிகிரி குறைந்திருந்தது. குவியம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்துவிட்டது, நட்சத்திரம் பூசணி விதைபோல் ஊதிவிட்டது. பட்டறைக்காரர் குழாய் வாயில் கோடுகோடாக வெட்டிய பிளாஸ்டிக் முகமூடி ஒன்றை மாட்டினார். ரஷ்ய அமெச்சூர் பாவெல் பாஹ்டினோவ் யோசித்தது. நட்சத்திரத்திலிருந்து மூன்று கதிர்கள் விரியும். நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரிபாதியில் நிற்கும்வரை குமிழைத் திருக வேண்டும். திரையைப் பார்த்தபடி அவர் விரல் நுனியால் திருகியதைப் பார்த்தால், லேத்தில் கடைசி 'தௌ', அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சீவி எடுக்கும் ஆள் போலவே இருந்தது.

தெற்கே, நெபுலாவுக்கு அடியில், ஊர் விளக்குகளின் மஞ்சள் மூட்டம். 18 டிகிரி உயரத்தில் இருக்கும் பொருளின் ஒளி, தலைக்கு மேலே இருப்பதைப் போல் மூன்று மடங்கு காற்றைத் துளைத்து வர வேண்டும். அந்தக் காற்றிலேயே இந்த வெளிச்சமும் கலந்திருக்கும். ஒவ்வொரு படத்தின் கீழ் ஓரமும் வெளுத்திருந்தது. போதாததற்குப் பெரியவர் வீட்டு வாசலில் புது எல்.இ.டி. விளக்கு ஒன்று கிடையாகக் கொல்லையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. அணைக்கச் சொல்ல முடியாது, ராத்திரியில் பன்றி வரும். பட்டறைக்காரர் வேனிலிருந்து ஒரு எண்ணெய் டின் தகரத்தை எடுத்துக் கத்திரியால் வெட்டி, வளைத்து, விளக்குக்கு மேல் தொப்பியாகக் கட்டினார். வெளிச்சம் வாசலிலேயே விழுந்தது. முன்னைவிட வாசல் நன்றாகத் தெரிகிறது என்றார் பெரியவர்.

இரண்டரைக்குக் கரீனா இறங்கியதும் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தைக் கொஞ்ச நேரம் பிடித்தார்கள். விடியலில் ஆசிரியர் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் குழாய் வாயில் இறுக்கிக் கட்டினார். வெளுக்கும் வானத்தை அதன் வழியே படமெடுத்தால் சென்சாரின் தூசும் ஓர இருட்டும் மட்டும் பதியும். பிறகு கணினியில் அவற்றை நீக்கிவிடலாம். இதற்கென்று விளக்குப் பலகைகள் விற்கிறார்கள். வேட்டி துவைத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கரீனாவில் எடுத்தது 94 படம். காற்று, புகை, கேபிள் எல்லாம் கழித்துத் தேறியது 68. அடுக்கினால் மூன்று மணி 24 நிமிட ஒளி. இரைச்சல் எட்டில் ஒரு பங்காகக் குறையும். வண்ணம் சேர்த்து முடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார் இளம்பெண்.

அந்தத் தகரத் தொப்பியைப் பெரியவர் கழற்றவில்லை. மலையடிவாரத்திலோ நகரத்திலோ, உங்கள் வாசலிலும் மொட்டை மாடியிலும் எரியும் விளக்கு வானத்தைப் பார்த்து எரிகிறதா என்று இன்று இரவு ஒருமுறை வெளியே வந்து பாருங்கள். எரிந்தால், அதற்கும் ஒரு தகரத்தை வளைத்துக் கட்டிவிடுங்கள்.