மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்பது

செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சிங்கவரத்துக்காரர்கள் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துப் பழகியவர்கள் அல்ல. ஆடியில் கூழ் வார்த்தால் இரவு பாட்டுக் கச்சேரி உண்டு. பாரதம் வைத்தால் விடிய விடியக் கூத்து. கல்யாணத்துக்கு நாதஸ்வரமோ பேண்டு செட்டோ வரும், சாவுக்குப் பறை வரும். குடைவரையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் குன்றின் அடிவாரத்தில் வளர்ந்த எனக்கு, இசை என்றாலே யாரோ கண்ணெதிரில் உட்கார்ந்து வாசிப்பதுதான். செல்போனில் பாட்டு வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது நண்பர்களோடு சேர்ந்து ஒரு பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எங்களுக்கென்று ஒரு பெயரும் மேடையும் அமைய வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. நாள் தவறாமல் சாதகம் செய்கிறோம். ஆனாலும் நான் உறுதியாக நம்புவது ஒன்று: வீட்டில் உட்கார்ந்து வாசித்தால் விரல் பழகும், நாலு பேரோடு சேர்ந்து வாசிப்பதை, அப்படி வாசிப்பவர்களைப் போய்ப் பார்த்துத்தான் பழக முடியும்.

என் வாத்தியத்தையே எடுத்துக்கொள்ளலாம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. செல்போனின் சின்ன ஸ்பீக்கரால் அந்தத் தாழ்ந்த ஒலியைக் கொடுக்கவே முடியாது. பாட்டைப் போனிலேயே கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, அதில் பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகலாம். திருவிழாத் திடலில் ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே நின்றால் அது நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். பாடகரின் குரலையும் டிரம்ஸின் அடியையும் எது சேர்த்துக் கட்டுகிறது என்பது அங்கே நின்றால் உடம்புக்கே விளங்கிவிடும்.

நான் மேடைக்கு எதிரே நிற்பதில்லை. பக்கவாட்டில், ரிதம் வாசிப்பவர்கள் உட்காரும் பக்கமாக நிற்பேன். அங்கிருந்து பார்த்தால்தான் கைகளோடு கண்களும் தெரியும். ஒருமுறை செஞ்சிப் பக்கத்தில் ஒரு கச்சேரியில், இன்டர்லூட் முடிவதற்கு ஒரு சுற்று முன்பாகவே பாடகர் சரணத்தை எடுத்துவிட்டார். கீபோர்டுக்காரர் வாசித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு டிரம்மரைப் பார்த்தார். டிரம்மர் லேசாகத் தலையசைத்தார். பேஸ் வாசித்தவர் ஓட்டத்தை நிறுத்தி, ஆதார சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அடுத்த தட்டில் எல்லோரும் பாடகரோடு சரணத்தில் சேர்ந்துவிட்டார்கள். திடலில் இருந்த கூட்டம் கைதட்டிக்கொண்டுதான் இருந்தது. எந்தப் பதிவிலும் இது கிடைக்காது. பதிவில் தவறியதை வெட்டிவிட்டுத்தான் நமக்குத் தருகிறார்கள். தவறியதை எப்படி எடுத்து நிறுத்துவது என்பதுதானே மேடை ஏறப்போகிறவனுக்கு வேண்டிய பாடம்!

இந்தப் பாடத்தை எனக்கு இன்னும் ஆழமாகச் சொல்லிக்கொடுத்தது கூத்து. பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரி எங்களுக்குப் பக்கம்தான். அங்கிருக்கும் திரௌபதி அம்மன் கோயிலைத்தான் திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாகச் சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் தொகுதி 1988-இல் வந்தது. அதன் தலைப்பிலேயே செஞ்சியின் பெயர் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது பகலில் பாரதப் பிரசங்கம் கேட்டுவிட்டு, இரவில் அதே கதையைக் கூத்தாகப் பார்ப்பார்கள்.

கூத்தில் வாத்தியக்காரர்கள் ஆடுகளத்தின் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், சில குழுக்களில் முகவீணை. என் கண்ணுக்கு அதுவும் ஒரு பேண்டுதான். இடுப்பிலும் தோளிலும் கட்டை வேடத்தின் பாரத்தைச் சுமந்துகொண்டு நடுச்சாமத்துக்கு மேல் சுழன்று ஆடுகிறவருக்கு மூச்சு வாங்கும். அவர் கடைசி அடியைப் பாதியில் விட்டால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். அவர் நெஞ்சு ஆறி நிமிர்கிறவரை பாட்டு தரையில் விழாது. ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் ஒருவரின் விரல்களையே நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, "கையப் பாக்காத தம்பி, ஆடுறவன் காலப் பாரு. நான் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். அன்று முதல் எந்தக் கச்சேரிக்குப் போனாலும், இவர் யாரைப் பார்த்து வாசிக்கிறார் என்றுதான் முதலில் கவனிக்கிறேன்.

பெரிய மேடைகளுக்கும் போகத்தான் வேண்டும். செஞ்சிக்கு ரயில் கிடையாது. பஸ் ஏறித் திண்டிவனம் வழியாகப் போக வேண்டும். புதுச்சேரி ஏறக்குறைய 70 கிலோமீட்டர், சென்னை ஏறக்குறைய 160. ஜூன் 21 அன்று புதுச்சேரியில் உலக இசை நாள் கொண்டாடுகிறார்கள். 1982-இல் பிரான்சில் தொடங்கிய வழக்கம் இது. தெருவிலும் திறந்த வெளியிலும் யாரும் இலவசமாகக் கேட்கலாம். சென்னையில் மார்கழி சீசனில் பல சபாக்களில் மதிய நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. கிட்டார் வாசிக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசிக்கொள்வதை ஒருமுறை உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, பதில் சொல்ல வேண்டியதை மனசில் எழுதிக்கொண்டிருப்பார்.

பெரிய மேடையில் தெரிந்துகொள்ள வேண்டிய தொழில் நுணுக்கமும் உண்டு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. 10 மீட்டர் தள்ளி அடிக்கும் டிரம்ஸ் நம் காதுக்கு வர ஏறக்குறைய 30 மில்லிநொடி ஆகும். அதை நம்பி வாசித்தால் தாளம் பின்தங்கும். அதனால்தான் ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கிறார்கள். கச்சேரிக்கு முன்பே போய், சவுண்டு பார்க்கும்போது யார் எதைக் கூட்டச் சொல்கிறார், எதைக் குறைக்கச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தாலே பாதி விஷயம் பிடிபடும்.

கேட்கப் போன இடத்தில் இசையே திசை மாறியதற்கு நம் ஊரில் பெரிய சான்று இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் இருந்த காலத்தில், அவர்களை ஆதரித்த முதலியார், தீட்சிதர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப்போய் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார். தம்பி பாலுசுவாமி வயலின் கற்றுக்கொண்டார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி அபூர்வம். அண்ணன் முத்துசுவாமியோ அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுசுவர சாகித்தியங்கள் என்று அவற்றைப் பிள்ளைகள் இன்றும் கற்கிறார்கள்.

இளையராஜாவின் தொடக்கமும் மேடைதான். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் வாசித்தவர், சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டு, 1976-இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் பறையும் சட்டியும் கிட்டாரும் ஒரே வரிசையில் நின்றன. பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த அந்தக் குழுவைப் பார்த்த பிறகு, எங்கள் ஊர்த் தெருவில் அடிக்கும் தாளத்தையும் பேண்டில் வைக்கலாம் என்ற துணிச்சல் என் போன்றவர்களுக்கு வந்தது.

மனசை அரிக்கும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். செலவு மிச்சம் என்று பல திருவிழாக்களில் இப்போது வாத்திய இசை மட்டும் பதிவான மைனஸ் ட்ராக்கைப் போட்டுவிட்டுப் பாடகர்களை மட்டும் நிறுத்துகிறார்கள். பாட்டு கேட்கிறது, வாசிப்பவர் இல்லை. ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது. பாடகருக்கு மூச்சு முட்டினால் பின்பாட்டு வாங்காது. வேலை இழக்கும் வாத்தியக்காரரின் நஷ்டம் பெரிது. மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வரும் பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

2025 ஜூலையில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12 யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். வெளியூர்க்காரர்கள் தேடி வரும் ஊரில், எங்கள் கூத்துக்காரர்களுக்கும் பேண்டு செட்டுக்காரர்களுக்கும் புதிதாக வாசிக்க வரும் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு மேடை போட்டுக் கொடுக்கலாம். திருவிழாக் கமிட்டி அண்ணன்மாரிடம் நான் கேட்பது இதைவிடச் சின்னது: பாட்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், சீரியல் லைட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், வாசிக்கிற ஆளைக் குறைக்காதீர்கள். வாசிக்க ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது: பக்கத்து ஊரில் மைக் செட் கட்டுகிறார்கள் என்று தெரிந்தால் கிளம்பிவிடுங்கள். முன்னால் போய் இடம் பிடியுங்கள், போனைப் பையில் வையுங்கள், கடைசிப் பாட்டு வரை நில்லுங்கள்.