மல்லைக் கடலுக்குச் செல்வோருக்கு

விடுமுறை வந்துவிட்டால், செங்கற்பட்டைச் சுற்றியுள்ள பங்குகளில் பிள்ளைகள் முதலில் கேட்பது மாமல்லபுரத்தைத்தான். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சற்றேறக்குறைய 30 கிலோமீட்டர், பேருந்து உண்டு, செலவும் அதிகமில்லை. பீடச் சிறுவரையும் மறைக்கல்வி மாணவரையும் பன்முறை அங்கு அழைத்துச் சென்றவர் என்ற முறையில், குடும்பத்தோடு செல்வோருக்குப் பயன்படும் சில செய்திகளை ஈண்டுக் கூற விழைகிறோம்.

முதலாவது, நேரம். மல்லையில் காணவேண்டியவை எல்லாம் கல்லே. காலை 10 மணிக்கு மேல் கல்லும் மணலும் ஒருங்கே கொதிக்கும். ஆகவே விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் பார்த்து முடிப்பது நலம். இவ்விரண்டிற்கும் ஒரே நுழைவுச் சீட்டுப் போதுமாதலால், முதலிடத்தில் வாங்கியதை எறிந்துவிடாதீர்கள். அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தைத் தெருவில் நின்றே காணலாம். குடையும் செருப்பும் மறவாதீர்கள்.

இரண்டாவது, உணவு. வீட்டிலிருந்து கட்டிச் செல்லும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் பணத்தையும் வயிற்றையும் ஒருங்கே காக்கும். உண்டபின் இலையையும் பிளாஸ்டிக் பையையும் மணலில் விட்டு வராதீர்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் கரை அது.

மூன்றாவது, கற்சிலை வாங்குதல். மாமல்லபுரத்துக் கற்சிற்பம் 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில். பேரம் பேசலாம், ஆனால் உளி பிடித்தவனின் கூலியை மறந்து பேசலாகாது.

நிற்க. இவை யாவும் வசதியைப் பற்றியவை. உயிரைப் பற்றியது ஒன்று உண்டு. நம்மை எழுதத் தூண்டியதும் அதுவே.

செங்கற்பட்டு வட்டாரம் ஏரிகளுக்குப் பேர்பெற்றது. நம் பிள்ளைகள் ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் தரும் துணிச்சலே கடலில் அவர்களுக்குப் பகையாகிவிடுகிறது. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், பள்ளி இறுதித் தேர்வு முடித்த மாணவன் ஒருவன் நண்பர்களோடு கடலாடச் சென்று உயிரிழந்தான். ஊர்க் கிணற்றில் அவனை விஞ்சிய நீச்சல்காரன் கிடையாது. அடக்கச் சடங்கு முடிந்தபின் அவன் தாயார், "அவன் நல்லா நீந்துவானே, சாமி" என்று திரும்பத் திரும்பக் கூறினார். அந்தத் துயரத்தை ஆற்றும் சொல் எவரிடமும் இல்லை. ஆனால் அவர் உள்ளத்திலிருந்த கேள்விக்கு விடை உண்டு.

ஏரி நீர் நிற்கும். கடல் நீர் ஓடும். அலைகள் கரையில் கொணர்ந்து கொட்டும் நீர் எவ்வழியேனும் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கிடையே பள்ளம் கண்ட இடத்தில் அது ஒன்றுசேர்ந்து, ஆறு போலக் கடலுக்குள் விரைகிறது. அவ்விடத்தில் அலை உடைவது குறைவு. ஆதலால் அதுவே அமைதியான இடமாகக் கண்ணுக்குத் தோன்றும். அங்கு இறங்கி, ஓட்டத்தை எதிர்த்துக் கரை நோக்கி நீந்துபவன், எத்துணை வல்லவனாயினும் களைத்துப் போகிறான்.

அந்த ஓட்டம் ஆளை அடியில் இழுப்பதன்று, வெளியே கொண்டுசெல்வது. ஆகவே அகப்பட்டவர் பதறாமல் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த இயலுமாயின், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் சென்று, ஓட்டத்தைவிட்டு விலகியபின் அலையோடு கரை சேரலாம். கரையிலிருப்போர் பின்தொடர்ந்து குதிக்க வேண்டா. ஒருவரைக் காக்கப்போய் இருவர் மாள்வதுண்டு. கயிறு, காலிக் கேன் என மிதப்பது எதையேனும் வீசி, மீனவரைக் கூவி அழையுங்கள். ஒருவர் 108-க்குத் தொலைபேசியில் சொல்லட்டும்.

கடற்கரைக் கோயிலைக் காக்கக் கொட்டப்பட்டுள்ள பாறைகளில் ஏறாதீர்கள்; பாசி வழுக்கும். ஐப்பசி, கார்த்திகைப் பருவமழையில் நீரில் இறங்கவே வேண்டா. மது அருந்தியவரைத் தண்ணீரருகே விடாதீர்கள். நம் பங்கு உலாக்களில் ஒரு முறை உண்டு: பெரியவர் ஒருவர் நீரில் இறங்காமல், கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, பிள்ளைகளின் தலைகளை எண்ணியபடியே கரையில் நிற்பார். குடும்பத்தாரும் இதைக் கைக்கொள்ளலாம்.

கடலின் குணம் நாளுக்கு நாள் மாறும். அதை அறிந்தவர் அக்கரை மீனவர். "இன்னிக்கு இறங்காதீங்க" என்று அவர் சொன்னால், அன்று காலை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்புங்கள். பிள்ளைக்கு வழிச்செலவைக் கொடுத்தனுப்பும் பெற்றோரே, கடல் ஏரியன்று என்னும் இந்த ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.