ஷாக்குக்கு சிந்தெட்டிக் ஆயில்: தேவையா, தெண்டமா?

பொட்டி தட்டுறவன் ஸ்பேனர் பிடிச்சா என்ன ஆகும்னு கேக்குற மக்களுக்கு இந்தப் பதிவு :-)

அப்பாவோட 125 சிசி வண்டியில முன் ஷாக் ஆயில் சீல் போயிருச்சு. எண்ணெய் பைப் வழியா ஒழுகி டிஸ்க் பக்கம் இறங்குது. டிஸ்க்குல எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்காது. அறுபது தாண்டின மனுஷன் தினமும் ஓட்டுற வண்டி, தள்ளிப்போட முடியாது. சீல் வாங்கப் போன கடையில, "சிந்தெட்டிக் ஊத்துங்க தம்பி, பஞ்சு மாதிரி போகும்"னு சொன்னார். விலை மூணு மடங்கு!

ஷாக்குக்குள்ள நடக்குறது ரொம்ப எளிமையான விஷயம். ஸ்பிரிங் குதிக்கும், எண்ணெய் சின்ன ஓட்டைகள் வழியா நெருக்கிப் போய் அந்தக் குதிப்பை அடக்கும். சூடு ஏறினா எண்ணெய் நீர்த்துப்போகும், அடக்குற சக்தி குறையும். சிந்தெட்டிக் பொதுவா அவ்வளவு சீக்கிரம் நீர்க்காது. அதுதான் அதோட முக்கியமான பெருமை.

எவ்வளவு வித்தியாசம்? 40 டிகிரியில 32 சென்டிஸ்டோக்ஸ் இருக்குற சாதா மினரல் ஆயில் (விஸ்காசிட்டி இண்டெக்ஸ் 100), 100 டிகிரியில சுமார் 5.4 ஆயிடும். இண்டெக்ஸ் 150 உள்ளது 6.3 பக்கம் நிக்கும். பாலைவன ராலி வண்டி, மலைப்பாதையில தாவுற வண்டின்னா இது பெரிய விஷயம். நம்ம ஊர்ல ஆபீசுக்கும் காய்கறிக் கடைக்கும் போற வண்டியோட முன் ஷாக் அந்த சூட்டுக்குக் கிட்டயே போகாது. 40 டிகிரி பக்கத்துல ரெண்டும் ஒண்ணுதான்.

பழைய எண்ணெயை வடிச்சப்போ கருங்காப்பி மாதிரி வந்துச்சு. அது சூட்டால கெட்டதில்ல. புஷ் தேய்ஞ்ச துகள், சேறு, தண்ணி. விலை உசந்த எண்ணெயா இருந்தாலும் இந்தக் கசடு சேரத்தான் செய்யும். மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில முடிச்சார்: "எந்த எண்ணெய்ங்கறத விடு தம்பி, எப்ப மாத்துனங்கறதப் பாரு."

அதனால மினரலே ஊத்தினோம். மிச்சக் காசுல நல்ல ஆயில் சீல், டஸ்ட் சீல், புது புஷ். ரெண்டு பக்கமும் மேனுவல்ல சொன்ன அளவு, மில்லி பிசகாம.

இன்னொரு சூட்சுமம். பாட்டில்ல போட்டிருக்குற 10டபிள்யூ, 15டபிள்யூவை நம்பிடாதீங்க. ஒரு கம்பெனியோட 10, இன்னொண்ணோட 15 அளவுக்கு கெட்டியா இருக்கலாம். 40 டிகிரியில எத்தனை சென்டிஸ்டோக்ஸ்னு பார்த்து வாங்குங்க. சிந்தெட்டிக்கா மினரலாங்கறதை விட ஓட்டும்போது உங்களுக்குத் தெரியப்போறது இந்த வித்தியாசம்தான்.

டிஸ்கி: குளிர்காலத்துல லடாக் போறவங்களும் பந்தயம் ஓட்டுறவங்களும் தாராளமா சிந்தெட்டிக் ஊத்துங்க. உறைபனிக் குளிர்ல மினரல் ரொம்ப கெட்டியாகி ஷாக் விறைச்சுப்போகும். மத்தவங்க ரெண்டு வருஷம் முன்னாடி கடைசியா எப்ப மாத்தினோம்னு யோசிச்சுப் பாருங்க. ஞாபகம் வரலையா? அப்ப இந்த ஞாயிற்றுக்கிழமையே வேலையை ஆரம்பிச்சிருங்க மக்கா!